உங்களுக்குத் தெரியுமா? சாப்பாட்டு மேசையில் ஒரு பஃபலோ

● ரேஸ் கோர்ஸ் சாலையில் வாழையிலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு ஃபேரர் பார்க் பக்கம் காலாற நடப்பவர்கள், சிங்கப்பூரின் முதல் விமானம் கிளம்பிய மண்ணில்தான் நடக்கிறார்கள். அங்கே இருந்த குதிரைப் பந்தயத் திடலில் 1911 மார்ச் 16 அன்று பெல்ஜியத்துக்காரர் ஜோசப் கிறிஸ்தியான்ஸ் ஒரு பிரிஸ்டல் பாக்ஸ்கைட்டை மேலே கிளப்பிக் காட்டினார். 1919 டிசம்பர் 4 அன்று, இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் பறந்துகொண்டிருந்த ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் சகோதரர்களின் விக்கர்ஸ் விமி அதே திடலில் இறங்கியது. அவ்வளவு பெரிய குண்டுவீச்சு விமானத்துக்குத் திடல் போதவில்லை. இறங்கும் நேரத்தில் மெக்கானிக் பென்னட் வெளியே ஏறி, விமானத்தின் முதுகு வழியாகவே வால் பக்கம் நகர்ந்து, தன் உடல் எடையால் வாலைத் தாழ்த்தி வண்டியை நிறுத்த உதவினார். விமியின் பிளாஸ்டிக் கிட்டைக் கட்டுபவர்கள் பென்னட்டையும் வால் மேல் உட்கார வைக்கலாம்.

● மாதிரி விமானங்களின் 1/72 என்ற அளவு எங்கிருந்து வந்தது? ஆறடி ஆள் ஓர் அங்குலம் ஆகிவிடும் கணக்கு அது. அந்த அளவில் பிரிட்டனின் ஃப்ராக் நிறுவனம் 1936இல் ‘பெங்குவின்’ என்ற பெயரில் பிளாஸ்டிக் கிட்டுகளை விற்கத் தொடங்கியது. 1/48 என்றால் ஓர் அடிக்குக் கால் அங்குலம். சிங்கப்பூரைக் காக்க வந்த பிரூஸ்டர் பஃபலோ போர் விமானத்தின் இறக்கை அகலம் 10.67 மீட்டர். 1/72இல் அது 15 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 1/48இல் 22 சென்டிமீட்டர். வீவக வீட்டு அலமாரிக்கு முதலாவது பொருந்தும். இரண்டாவதுக்கு வீட்டுக்காரம்மாவின் சம்மதம் வேண்டும்.

● மாதிரி விமானம் கட்டும் இந்தப் பொழுதுபோக்கு ஒரு காலத்தில் போர்ப் பயிற்சியாக இருந்தது. எதிரி விமானத்தைத் தூரத்திலேயே அடையாளம் காணப் பழக வேண்டும் என்று 1942இல் அமெரிக்கக் கடற்படை 5 லட்சம் மாதிரிகளைக் கேட்டது. பள்ளிப் பிள்ளைகள் மரத்தில் செதுக்கிக் கொடுத்தார்கள். அளவு அதே 1/72. பத்து மீட்டர் தள்ளி வைத்துப் பார்த்தால், 720 மீட்டர் தூரத்தில் நிஜ விமானம் எப்படித் தெரியுமோ அப்படித் தெரியும்.

● சிங்கப்பூரில் பறந்த பஃபலோக்களே கிட்டாகத்தான் வந்து இறங்கின! அமெரிக்காவிலிருந்து 1941இன் தொடக்க மாதங்களில் மரப்பெட்டிகளில் கப்பலேறி வந்தவற்றை, செலேத்தார் தளத்தில் 151ஆம் பராமரிப்புப் பிரிவு பூட்டி முடித்துப் பறக்கவிட்டது. பிறகு, போர் முற்றிய 1942 ஜனவரி 13 அன்று 51 ஹரிக்கேன் போர் விமானங்களும் அதேபோலப் பெட்டிகளில் வந்தன. 20ஆம் தேதி அவை முதல் சண்டைக்குக் கிளம்பின. ஒரே வாரம். நம்மில் பலருக்கு 1/72 ஹரிக்கேனை முடிக்கவே அதைவிடப் பல மடங்கு நாள் ஆகிறது.

● அந்த ஹரிக்கேனின் மூக்குக்கு அடியில் ஒரு பெரிய தாடை தொங்கும். மாதிரி கட்டுபவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. மத்தியக் கிழக்குப் பாலைவனத்துக்கென்று கிளம்பிய விமானங்களைப் பாதி வழியில் இங்கே திருப்பிவிட்டார்கள். மணலைத் தடுக்கும் வோக்ஸ் வடிகட்டி அப்படியே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. மழையும் சேறும் உள்ள ஊரில் மணல் வடிகட்டிக்கு என்ன வேலை? வேகத்தைக் குறைத்ததுதான் மிச்சம். ஆகவே, 1942 சிங்கப்பூர் ஹரிக்கேன் என்று எழுதிவிட்டு அந்தத் தாடை இல்லாமல் கட்டினால், விவரம் தெரிந்தவர் ஒரு பார்வையில் பிடித்துவிடுவார்.

● முதல் சண்டையில் ஹரிக்கேன்கள் ஜப்பானியக் குண்டுவீச்சு விமானங்களைப் பதம் பார்த்தன. அடுத்த நாளே ஜப்பானின் ஜீரோ போர் விமானங்கள் அவற்றுக்குத் துணையாக வந்தன. நிலைமை தலைகீழ்.

● 1941 டிசம்பர் 8 விடியற்காலை நாலு மணியைத் தாண்டிய நேரம், சிங்கப்பூரில் முதல் குண்டு விழுந்தது. தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. 61 பேர் மாண்டார்கள். செம்பவாங்கில் 453ஆம் படையணியின் மூன்று பஃபலோக்கள் எழும்பத் தயாராக நின்றன. அனுமதி கேட்டார்கள், கிடைக்கவில்லை. நம் விமான எதிர்ப்புப் பீரங்கிகளே நம் விமானத்தைச் சுட்டுவிடுமோ என்று மேலிடம் பயந்தது. அதற்குப் பின் குண்டுவீச்சு அன்றாட வழக்கமானது. சிராங்கூன் சாலை வட்டாரத்து மக்கள் வீரமாகாளியம்மன் கோயிலுக்குள் ஒண்டிக்கொண்டார்கள் என்றும், கோயிலுக்கும் சிலைகளுக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை என்றும் கோயில் வரலாறு சொல்கிறது.

● பஃபலோ கிட் வாங்கினால் முதல் சவால், கண்ணாடிக் கூண்டு. பைலட்டின் தலைக்கு மேல் தொடங்கிப் பின்னால் நீளும் அந்தக் கேனோபியில் சட்டங்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். ஒவ்வொரு கட்டத்தையும் மறைப்பு நாடாவால் தனித்தனியாக மூடி, சட்டங்களுக்கு மட்டும் சாயம் தெளிக்க வேண்டும். நாடாவை ஒட்டிய பிறகு விளிம்பை ஒரு பல்குச்சியின் கூர் மழுங்கிய முனையால் அழுத்தித் தேய்த்துவிட்டால் சாயம் உள்ளே கசியாது. பலருக்குத் தெரியாத இன்னொன்று: பஃபலோவுக்கு வயிற்றிலும் ஜன்னல் உண்டு. காக்பிட்டின் தரைக்குக் கீழே பதித்த அந்தக் கண்ணாடி, கீழே இருப்பதைப் பார்ப்பதற்கு. மாதிரியைத் தலைகீழாகத் திருப்பினால்தான் தெரியும் என்பதால் அவசரக்காரர்கள் அதன் மேலேயே சாயம் அடித்துவிடுகிறார்கள்.

● காக்பிட்டுக்குள் ஒரு கைப்பம்ப் உண்டு. உயரம் ஏறஏறப் பஃபலோவின் எரிபொருள் அழுத்தம் விழுந்துவிடும். பைலட் ஒரு கையால் விமானத்தை ஓட்டிக்கொண்டே இன்னொரு கையால் பம்ப் அடிக்க வேண்டும். போதாக்குறைக்கு, சில விமானங்களில் இருந்தவை பயணிகள் விமானங்களில் ஓடிக் களைத்த பழைய எஞ்சின்கள். “மலாயாவுக்கு இது போதும்” என்ற தோரணையில்தான் மேலிடம் இதை அனுப்பியது. பைலட்டுகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

● அதே பஃபலோ பின்லாந்தில் கதாநாயகன்! அந்த நாடு 44 விமானங்களை வாங்கியது. எடை குறைந்த ஆரம்பகால வகை. எண்ணெய்க் கசிவைக் குறைக்க அங்குள்ள மெக்கானிக்குகள் பிஸ்டன் வளையத்தைத் திருப்பிப் போட்டார்கள் என்பார்கள். குளிர்ந்த காற்று, நல்ல பயிற்சி, சோவியத் எதிரி. கணக்கே மாறிவிட்டது. உலகில் இன்று முழு உருவத்தோடு மிஞ்சியிருப்பது ஒரே ஒரு பஃபலோ, பின்லாந்தின் பிடபிள்யூ-372. 1998இல் ரஷ்யாவின் கரேலியாவில் ஓர் ஏரியின் அடியிலிருந்து தூக்கினார்கள். சிங்கப்பூரில் பறந்தவற்றைப் பார்க்க வேண்டுமானால் கிட்டாகத்தான் பார்க்க முடியும்.

● அந்தக் காலப் பின்லாந்து விமானங்களில் நீல நிற ஸ்வஸ்திகா இருந்தது. நாஜிகளோடு தொடர்பில்லை, 1918இல் ஸ்வீடனைச் சேர்ந்த பிரபு எரிக் வான் ரோசன் அன்பளித்த விமானத்தில் இருந்த சின்னத்தை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஆனாலும் ஜெர்மனியின் சட்டத்தை மனத்தில் வைத்துப் பல நிறுவனங்கள் ஸ்வஸ்திகா டீகாலை (ஒட்டும் சின்னத்தை) இரண்டு துண்டாக அச்சடித்து விற்கின்றன, அல்லது விட்டுவிடுகின்றன. தேக்காவில் கடை வாசல்தோறும் அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இதை விளக்குவதற்குள் டீகால் காய்ந்துவிடும்.

● சிங்கப்பூர் பஃபலோவைத் தோற்கடித்தது ஜப்பான். 1/48 அளவில் அந்தப் பஃபலோவை 1970களிலேயே அழகாக வார்த்துக் கொடுத்ததும் ஜப்பானின் டாமியாதான். ஷிசுவோகா நகரத்து டாமியா 1946இல் மர வியாபாரமாகத் தொடங்கிய குடும்ப நிறுவனம். அதன் முதல் பிளாஸ்டிக் கிட் 1960இல் வந்த ‘யாமாதோ’ போர்க்கப்பல்.

● ‘ஜீரோ சுட்டது’ என்று மலாயாப் போர் நினைவுகளில் வரும் பல இடங்களில் சுட்டது ஜீரோவே அல்ல. ஜப்பானியத் தரைப்படையின் கி-43 ஹயபுசா அது. இரண்டும் மெலிந்த உடல், வட்ட மூக்கு. வானத்தில் சில விநாடிகள் பார்த்தவருக்கு வித்தியாசம் தெரியாது. மேசை மேல் இருக்கும் மாதிரியில் எளிதில் தெரியும். இறக்கையில் 20 மில்லிமீட்டர் பீரங்கிக் குழல் இருந்தால் ஜீரோ. துப்பாக்கி மூக்கில் மட்டும் இருந்தால் ஹயபுசா. வால் பக்கம் சாய்வாக ஓர் அம்பு பாய்ந்தால் 64ஆம் படையணி.

● பிரிட்டிஷ் பக்கத்துப் படையணிகளுக்கு இரண்டெழுத்துக் குறி. 243ஆம் படையணி டபிள்யூபி, நியூசிலாந்தின் 488 என்எஃப், ஆஸ்திரேலியாவின் 453 டிடி, 21 ஜிஏ. 243உம் 488உம் காலாங்கில் இருந்தவை, தேக்காவிலிருந்து சில கிலோமீட்டர்தான். 1937 ஜூன் 12 அன்று திறந்த காலாங் விமான நிலையத்தின் பழைய கட்டடம் இன்றும் நிற்கிறது. ஓல்டு ஏர்போர்ட் ரோடு உணவங்காடியில் வரிசையில் நிற்பவர்கள் அந்தப் பெயரில் வரும் ஏர்போர்ட் எது என்று ஒருமுறையாவது யோசித்திருப்பார்கள். அதுதான் இது.

● மேலே அடர்பழுப்பும் அடர்பச்சையும், அடியில் வெளிறிய நீலப்பச்சை. பஃபலோவின் உடுப்பு இவ்வளவுதான். ஆனால் டப்பாவில் உள்ள சாயத்தை அப்படியே அடித்தால் மாதிரி கன்னங்கரேலென்று தெரியும். தூரம் கூடக்கூட நிறம் வெளிறும் அல்லவா? சின்ன உருவத்துக்கும் அதே நியாயம். அனுபவஸ்தர்கள் கொஞ்சம் வெள்ளை கலந்துகொள்கிறார்கள். நம்மூர் வெயிலில் நின்ற விமானம் என்றால் இன்னும் கொஞ்சம் கலக்கலாம்.

● பிரிட்டிஷ் விமானத்தின் வட்டச் சின்னத்தின் நடுவில் சிவப்பு இருக்கிறதா என்று பாருங்கள். சிங்கப்பூரில் இருந்தது. ஜப்பானின் சிவப்புச் சூரியனோடு குழப்பம் வருகிறதென்று 1942இல் இந்திய, பர்மா வட்டாரத்து பிரிட்டிஷ் விமானங்களில் அந்தச் சிவப்பை நீக்கத் தொடங்கினார்கள். பிறகு வந்தவை இரண்டு நீலங்கள் கொண்ட சின்னங்கள். தவறான டீகாலை ஒட்டினால் விமானம் இரண்டு வருடம் முன்னுக்குத் தள்ளிப்போய்விடும்.

● சூப்பர் குளூ காற்றில் உள்ள ஈரத்தால்தான் இறுகுகிறது. சிங்கப்பூரின் ஈரப்பதத்தில் அது எவ்வளவு சீக்கிரம் பிடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பாகத்தை நேராக வைக்க நேரமே தராது. புட்டியிலேயே கெட்டியாகிவிடும் என்பதால் சிலிக்கா ஜெல் போட்டு மூடி வைப்பார்கள். பசையின் ஆவி கண்ணாடிப் பாகத்தில் வெள்ளைப் படலமாகப் படிந்துவிடும் என்பதால் கேனோபிக்கு அருகே கொண்டுபோகவே கூடாது. பிளாஸ்டிக் சிமெண்ட் வேறு ரகம். அது பிளாஸ்டிக்கையே கரைத்து இரண்டு பாகங்களை ஒன்றாக உருக்கிச் சேர்க்கிறது. இணைப்பை லேசாக அழுத்தினால் உருகிய பிளாஸ்டிக் ஒரு மெல்லிய வரம்பாகப் பிதுங்கும். அதைத் துடைக்காதீர்கள். மறுநாள் 400, பிறகு 600, பிறகு 1000 எண் மணல்தாளால் தேய்த்தால் இணைப்புக் கோடே காணாமல் போகும்.

● மழை பெய்கிற மாலையில் லாக்கர் சாயம் தெளித்தால் சில நேரம் மேற்பரப்பு பால் ஊற்றியதுபோல மங்கிவிடும். சாயத்தின் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதில் படிவதுதான் காரணம். மெதுவாக உலரும் தின்னர் கலக்க வேண்டும். ஏர்பிரஷ் குழாயில் தண்ணீர் பிடிக்கும் வடிகட்டி இல்லாமல் இங்கே யாரும் வேலை செய்வதில்லை. கம்ப்ரெசரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பாருங்கள், வடிகட்டிக் கிண்ணத்தில் சொட்டு நிற்கும்.

● 1998 மே முதல் கட்டிய வீவக வீடுகளில் வெடிகுண்டுப் பாதுகாப்பு அறை கட்டாயம். கனத்த சுவர், எஃகுக் கதவு, ஜன்னல் கிடையாது. தீவிர ரசிகர்கள் பலர் இன்னும் பிரிக்காத கிட் பெட்டிகளை அடுக்கி வைப்பது அங்கேதான். குண்டுவீச்சு விமானங்களுக்குப் பயந்து கட்டிய அறைக்குள் குண்டுவீச்சு விமானங்கள் கூரைவரை நிற்கின்றன. போர்க்காலத்து அசல் தங்குமிடத்தைப் பார்க்க வேண்டுமென்றால் தியோங் பாருவில் 78ஆம் புளோக்கின் அடியில் இருக்கிறது; போருக்கு முன்பே கட்டியது.

● சென்னை மாகாணத்தின் பெயரில் பிரிட்டிஷ் விமானப்படையில் மூன்று படையணிகள் பறந்தன! 79, 234, 264. மூன்றின் பெயரோடும் ‘மெட்ராஸ் பிரசிடென்சி’ ஒட்டிக்கொண்டது. மாகாணத்தில் திரண்ட போர் நன்கொடைக்குக் கிடைத்த மரியாதை. ஒரு ஸ்பிட்ஃபயருக்கு 5,000 பவுன் என்று கணக்கு வைத்து அப்போது வசூலித்தார்கள். 234 ஸ்பிட்ஃபயர் ஓட்டியது. 264 ஓட்டியது டிஃபையன்ட். முன்னால் சுடத் துப்பாக்கியே இல்லாத போர் விமானம். பைலட்டின் முதுகுக்குப் பின்னால் சுழலும் கூண்டில் நான்கு துப்பாக்கிகள். சாதாரண ஹரிக்கேன் என்று நினைத்துப் பின்னாலிருந்து வந்த ஜெர்மானியர்கள் 1940 மே மாதம் டன்கர்க் மேலே சூடுபட்டார்கள். ரகசியம் தெரிந்ததும் முன்னாலிருந்தும் அடியிலிருந்தும் வந்தார்கள். டிஃபையன்டின் பகல்நேர வாழ்வு அத்தோடு முடிந்தது. ஏர்ஃபிக்ஸின் டிஃபையன்ட் கிட்டில் பிஎஸ் என்ற எழுத்துகள் இருந்தால் அது 264தான். நம் தாத்தாக்களின் காசும் அதில் இருக்கலாம்.

● சிங்கப்பூரிலும் ஜாவாவிலும் அடிபட்டுத் தப்பிய 258ஆம் படையணி, கொழும்பில் மீண்டும் உருவானது. தளம்? கொழும்பு குதிரைப் பந்தயத் திடல். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, ஜப்பானியக் கப்பல்படை விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது அவர்களுக்கு அந்தத் திடல் ஓடுதளமாக மாறியிருந்ததே தெரியவில்லை.

● பிரிட்டிஷ் எழுத்துகள் போட்ட ஜீரோவைக் கண்காட்சியில் பார்த்தால் கற்பனை என்று நினைக்காதீர்கள். போர் முடிந்ததும் ஜொகூரின் தெப்ராவ் தளத்தில் ஜப்பானிய விமானங்களைச் சேகரித்து, ஜப்பானிய பைலட்டுகளையே ஓட்டவைத்துச் சோதித்தார்கள். பக்கவாட்டில் ஏடிஏஐயு-எஸ்இஏ என்று பிரிட்டிஷ் பிரிவின் பெயர். அவற்றில் ஒரு ஜீரோவின் காக்பிட் பகுதி பிரிட்டனின் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்திடம் இருக்கிறது.

● ஸ்பிட்ஃபயர் என்றதும் எல்லோருக்கும் 1940 இங்கிலாந்து ஞாபகம் வரும். பிரிட்டிஷ் விமானப்படைக்காக அது கடைசியாகப் போர்ப் பணியில் பறந்தது நம் செலேத்தாரிலிருந்து! 1954 ஏப்ரல் 1, 81ஆம் படையணி, பிஎஸ்888 என்ற எண். ஜொகூர் காட்டுக்கு மேலே கம்யூனிஸ்ட் கெரில்லாக்களைத் தேடிப் படம் பிடித்துவிட்டுத் திரும்பியது. பிஆர்-19 என்ற இந்த வகைக்குக் கேமரா மட்டும்தான், துப்பாக்கி கிடையாது. மூக்கில் ‘கடைசி!’ என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டார்கள். இறக்கையில் துப்பாக்கித் துளைகள் உள்ள கிட்டை வாங்கி இதைக் கட்டுபவர் அவற்றை நிரப்புப் பசையால் அடைத்துவிட வேண்டும். ஸ்பிட்ஃபயரின் கடைசித் தாக்குதலும் சிங்கப்பூரிலிருந்துதான்: 1951 ஜனவரி 1, தெங்கா தளத்து 60ஆம் படையணியின் நான்கு விமானங்கள், இலக்கு கோத்தா திங்கி.

● வானொலிக் கம்பி எப்படி? கிட் பாகங்கள் தொங்கும் பிளாஸ்டிக் சட்டத்தில் ஒரு துண்டை அகல் விளக்குச் சுடருக்கு மேலே பிடியுங்கள், தொடக் கூடாது. பளபளவென்று மின்னித் தொய்யும்போது வெளியே எடுத்து, ஒரு மூச்சு விட்டு, இரண்டு கையாலும் இழுங்கள். வேகமாக இழுத்தால் மயிரிழை, மெதுவாக இழுத்தால் நூல். ஒட்டிய பின் கொஞ்சம் தொய்ந்திருந்தால் அணைத்த ஊதுவத்தியின் கங்கை அருகே கொண்டுபோனால் சுருங்கி இறுகும். விரல் நடுங்குபவர்கள் இறுகும் மீள்நூலை வாங்கிவிடுவது மேல்.

● வெளிநாட்டுக் கிட்டைத் தபாலில் வரவழைக்கலாம். தீப்பற்றும் சாயத்தையும் தின்னரையும் விமானத் தபாலில் ஏற்றமாட்டார்கள். அதற்குக் கடைக்குத்தான் நடக்க வேண்டும். தூரிகைக்கும் அட்டைக்கும் பிராஸ் பசா காம்ப்ளெக்ஸின் ஆர்ட் பிரெண்டு. எஞ்சின் வயருக்குச் சிம் லிம் டவரில் எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் கடைகளின் மெல்லிய செப்புக் கம்பி. பஃபலோவின் ரைட் சைக்ளோன் எஞ்சினுக்கு 9 சிலிண்டர், ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக். ஆக 18 துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். கை தவறித் தரையில் விழுவதற்கென்று இன்னும் ஆறு.